மறுபாதி போகும் திசை

கொரோனாவுக்காக அடைத்த ஊரை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்ட அந்த வருடம், ஆவணி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, செங்காட்டூர் தேர்முட்டி பேக்கரியில், யாரும் வாய் வைக்காமலேயே ஒரு டம்ளர் காபி பாதியானது.

அந்தக் காபிக்கு உரியவர் நாச்சிமுத்து. நில அளவை ஆபீசில் முப்பத்துநாலு வருடம் சங்கிலி பிடித்தவர். சர்வேயர் குறிபார்த்துச் சொல்லச் சொல்ல, முள்ளென்றும் கல்லென்றும் பாராமல் சங்கிலியின் மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்து, ஊரின் பாதி வீடுகள் வெறும் காடாகக் கிடந்த நாளிலேயே அவற்றின் எல்லைகளைத் தன் காலால் மிதித்தவர். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடமாக அவரும் அவர் மனைவி மயிலாத்தாளும் நான்கு மணிக்குத் தேர்முட்டி பேக்கரிக்கு நடந்து வந்து, ஒரே ஒரு காபி சொல்லி, ஒன் பை டூ என்பார்கள். அவருக்குச் சர்க்கரை, அவளுக்கு வாய்வு, ஆளுக்கு அரை டம்ளருக்கு மேல் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மாஸ்டர் சென்னியப்பன் ஒரு காபியை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிரித்து ஊற்றித் தருவார். மயிலாத்தாள் கொதிக்கக் கொதிக்க மூன்றே மடக்கில் குடித்து முடித்துவிட்டு, இவர் ஊதி ஊதிக் குடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் இல்லாத அவர்கள் வீட்டில் ஒரு நாள் என்பது அந்த நான்கு மணிக்கு முன்னால் கொஞ்சமும் பின்னால் கொஞ்சமும்தான்.

ஆடி மாதம் அவள் போய்விட்டாள். அரசு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் பன்னிரண்டு நாள் இருந்தாள். ஒன்பதாவது நாள் போனில், பேக்கரி காபி ஒரு முழுங்கு கிடைத்தால் தேவலை என்றாள். நாச்சிமுத்து அப்போது தெருவாசலில் தகரம் அடித்த வீட்டுக்குள் இருந்தார். அவர் போனில் சொல்ல, சென்னியப்பனே தூக்கில் காபி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை போனார். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். காபி காவலாளியின் மேசையில் ஆறிப்போனது. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின் மயானத்துக்குக் கொண்டுபோன சேதியும் போனில்தான் வந்தது.

தகரத்தைப் பிரித்து எடுத்த மறுநாள், நான்கு மணியானதும் கால் தானாக நடந்தது. தேர்முட்டி வந்ததும் வாய் தானாகச் சொன்னது, ஒன் பை டூ என்று. சொன்ன பிறகுதான் தான் ஒருவர் மட்டும் நிற்பது அவருக்கு உறைத்தது.

சென்னியப்பன் கேட்காததுபோல இருந்துகொண்டார். பேக்கரி வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில் ஆளுக்கொன்றாக நிற்க வேண்டும். ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளும் நீளக் கட்டையின் நுனியில் டம்ளரை வைத்து, ஆறடி தள்ளி நிற்பவரிடம் நீட்டுவார்கள். அதுதான் அந்தக் கடையின் பாதுகாப்பு. அப்படி நீட்டிய டம்ளரில் ஒரு முழுக் காபி இருந்தது. நாச்சிமுத்து அதை வாங்கிப் பக்கத்துத் திட்டில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்க, அது ஒரு விரற்கடை இறங்கி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் இறங்கியது. கால் மணி நேரத்தில் சரிபாதிக்கு வந்து, அதற்கு மேல் இறங்காமல் நின்றுகொண்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடித்து ஊரையே கிழக்கே தள்ளிக்கொண்டிருந்த அந்த மாதத்தில், அந்த டம்ளரின் ஆவி மட்டும் காற்றுக்கு எதிராக மேற்கே சாய்ந்து போனது.

சென்னியப்பன் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு முகக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னார்.

"அக்கா குடிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க. நீங்க குடிங்க, ஆறிப்போகும்."

நாச்சிமுத்து தன் பாதியைக் குடித்தார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தங்கள் வீட்டில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் வந்து, தனியாக நின்று, ஒன் பை டூ சொல்லிப் பார்த்தார்கள். சந்தைப்பேட்டை அரிசிக்கடைக்காரர் தன் தம்பிக்காகச் சொன்னார். ஒரு டீச்சர் தன் அம்மாவுக்காக ஒன்பது நாள் விடாமல் வந்து சொன்னார். யாருடைய டம்ளரும் இறங்கவில்லை. நாங்கள் நினைத்துக்கொண்டு சொல்கிறோம், அவர் நினைக்காமல் சொன்னார், அதுதான் வித்தியாசம் என்று அந்த டீச்சர் சொல்லிவிட்டு, ஆறின காபியை முழுசாகக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் முயற்சி செய்யவில்லை. நாச்சிமுத்து டம்ளர் இறங்கிவிட்டதா, அப்படியானால் மணி நாலேகால் என்று பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எட்டு வைத்துப் போகிற அளவுக்கு அது பழகிப்போனது.

நகராட்சி சுகாதார ஆய்வாளர் ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு டம்ளரில் இரண்டு பேர் குடிப்பதாகப் புகார் வந்திருக்கிறது, நோய் பரவும் காலத்தில் இதை அனுமதிக்க முடியாது என்றார். டம்ளர் இறங்குவதைக் குனிந்து ஒருமுறை பார்த்தார், நிமிர்ந்து இன்னொருமுறை பார்த்தார், எச்சில் படுகிறதா என்று கேட்டார். எச்சில் படுவதாகத் தெரியவில்லை என்றார் சென்னியப்பன். அப்படியானால் டம்ளரைப் பற்றித் தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஆள் இரண்டு என்றால் இடைவெளி ஆறடி வேண்டும் என்று சொல்லி, நாச்சிமுத்துவின் வட்டத்துக்கு ஆறடி தள்ளி இன்னொரு வட்டம் போடச் சொன்னார். கடைக்குள் உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது நாச்சிமுத்துவின் எதிரில் இருந்த ஸ்டூலின் மேல் சிவப்பு நாடாவால் ஒரு பெருக்கல் குறி ஒட்டினார்கள். ஊரில் எல்லாக் கடையிலும் ஒன்றுவிட்டு ஒன்று அப்படி ஒட்டித்தான் இருந்தது. தை மாதம் நோய் குறைந்து மற்ற ஸ்டூல்களின் நாடாவை எல்லாரும் உரித்துப் போட்ட பிறகும் அந்த ஒன்றை மட்டும் யாரும் உரிக்கவில்லை. அது அக்கா உட்காரும் இடம் என்று விலகிப் போனார்கள். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையால், தெரிந்தவர்கள்கூட எதிரில் உட்கார்ந்து மழை உண்டா, கரும்பு என்ன விலை என்று பேச்சுக் கொடுப்பதில்லை. அக்கா வந்திருக்கும்போது நாம் எதற்கு என்று தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஊரெல்லாம் கூட்டம் திரும்பிய மாதங்களில் நாச்சிமுத்து மட்டும் ஒரு டம்ளரோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மயிலாத்தாள் மூன்று மடக்கில் குடிப்பவள். டம்ளரோ கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒரு வாய், அப்புறம் யோசனை, அப்புறம் அரை வாய், எழுந்துபோய் எதையோ எடுத்துவைத்துவிட்டு வந்ததுபோல ஒரு நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு வாய். நோயில் தொண்டை புண்ணாகியிருக்கும், அதனால் மெதுவாகக் குடிக்கிறாள் என்று முதல் மாதம் சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாவது மாதம், கடையில் ஏதோ அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் என்று முடிவுசெய்துகொண்டு, அவள் தன் போக்கில் மடமடவென்று குடிக்கும் கடை எது என்று தேடிப் பேக்கரி பேக்கரியாக நடக்க ஆரம்பித்தார்.

பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கூரையிலிருந்து தரை வரை பிளாஸ்டிக் திரை தொங்கியது. உள்ளே நுழைகிறவன் தலை முதல் கால் வரை சானிடைசரைத் தெளித்து, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாயில் கை கழுவச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி நெடி. அங்கே டம்ளர் இன்னும் மெதுவாக இறங்கியது. சந்தைப்பேட்டை பேக்கரியில் எல்லாம் மூடி போட்ட பேப்பர் கப்பாக மாறியிருந்தது. கப்புக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாது, கையில் கனம் குறைவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோர்ட்டு வாசல் பேக்கரியில் எல்லாம் சட்டப்படி. வாசலில் நோட்டுப் போட்டுப் பெயரும் போன் நம்பரும் வாங்கி, நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள். கூட வந்தவர் பெயர் என்ன என்று முதலாளி கேட்க, நாச்சிமுத்து மயிலாத்தாள் என்றார். காய்ச்சல் பார்க்க ஆள் இல்லாததால் துப்பாக்கியை டம்ளருக்கு நேராகப் பிடித்தார்கள், அது சிவப்பாக எரிந்து கத்தியது. இவ்வளவு காய்ச்சலோடு ஒருவரை உள்ளே விட முடியாதென்று முதலாளி சொன்னார். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்கள் அந்த அம்மாளுக்காக வாதாடினார்கள். கடைசியில், உடம்புச் சூட்டு அளவுக்கு ஆறட்டும், அதன் பிறகு அனுமதிக்கலாம் என்று தீர்ப்பானது. ஆறிய காபியை மயிலாத்தாள் வாயில் வைக்கமாட்டாள் என்பதால் நாச்சிமுத்து அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை.

புதுப்பாலத்துப் பேக்கரியில் இதெல்லாம் கிடையாது. வாசலில் வேப்பிலை கட்டி, ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்து, காலையும் மாலையும் சாம்பிராணி போடுவதுதான் அவர்களுடைய வைத்தியம். முகக்கவசம் போட்டவனைப் பார்த்தால், ஏனுங்க உடம்பு சரியில்லீங்களா என்று அக்கறையாகக் கேட்பார்கள். அங்கேதான் டம்ளர் கொஞ்சம் வேகமாக இறங்கியது. ஆனாலும் பத்து நிமிடம். மூன்று மடக்கு இல்லை.

எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் ஆவி சாயும் திசையை அவர் பார்த்து வைத்துக்கொள்வார். தொழில் பழக்கம். சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில், கோர்ட்டு வாசலிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்கு நாலு விரல் இடப்பக்கம், புதுப்பாலத்திலிருந்து பார்த்தால் மாதா கோயில் சிலுவைக்கு நேராக என்று பென்சிலால் குறித்து வைப்பார். இரண்டு இடத்திலிருந்து ஒரே மரத்தைக் குறிபார்த்து, இரண்டு கோடு போட்டால், கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் மரம் நிற்கிறது என்பது சங்கிலி பிடிக்கிறவனுக்கு முதல் வருடத்திலேயே தெரிந்துபோகும். நான்கு கடைகளிலிருந்து குறி எடுத்து வைத்திருந்தவர் ஒரு கோடுகூடப் போடவில்லை. தேர்முட்டிக்கு மேற்கே ஆஸ்பத்திரி இருந்தது, மின் மயானமும் இருந்தது. கோடு போடாதவரை அவள் இரண்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். போட்டுவிட்டால், வேறெங்காவது வெட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு பேக்கரி இருந்தது. அங்கே மட்டும் அவர் போனதில்லை. அதன் வாசலில் நின்றால் இரண்டாவது மாடி ஜன்னல்கள் தெரியும்.

பங்குனி முடியும்போது நோய் மறுபடி கிளம்பியது. அழிந்த வட்டங்களின் மேல் புதுச் சுண்ணாம்பு பூசினார்கள். பரணில் கிடந்த பிளாஸ்டிக் திரையை எடுத்துத் தூசி தட்டினார்கள். அந்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை தேர்முட்டியில் நாச்சிமுத்துவின் டம்ளர் இறங்கவில்லை.

அரை மணி நேரம் பார்த்தார். விளிம்பு வரை நின்ற காபியில் ஏடு படிந்தது. ஆவி மட்டும் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது, கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல. புதன்கிழமையும் இறங்கவில்லை. கடையில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்காவுக்கு வருத்தம் ஏதாவதுங்களா, சண்டை கிண்டை போட்டீங்களா என்று சென்னியப்பன் மெல்லக் கேட்டார். வியாழக்கிழமையும் இறங்காதபோது, ஏழு மாதமாக அவர் தள்ளித் தள்ளி வைத்திருந்த ஒரு நினைப்பு வந்து நேராக முன்னால் நின்றது. செத்துப்போனவள் காபி குடிக்காமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தருக்குத்தான் அதற்குக் காரணம் இருக்க முடியும்.

பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கும் அட்டை ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கத்தில் ஊரை வரைந்தார். படம் பார்க்காமலேயே வரைய அவருக்குத் தெரியும். தேர்முட்டி, கோர்ட்டு, பஸ் ஸ்டாண்டு, புதுப்பாலம். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்கு கோடு போட்டார். சென்னியப்பன் ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான்கு கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. அது ஆஸ்பத்திரி இல்லை. மின் மயானமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் சிவசக்தி நகர், மூன்றாவது வீதி, வடபுறம் நாலாவது மனை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த மனைக்குச் சங்கிலி பிடித்தது அவர்தான்.

நாச்சிமுத்து அட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெருக்கல் குறி போட்ட ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேற்கே நடந்தார்.

ஓட்டு வீடு. கேட்டைத் தாண்டி ஒரு கொய்யா மரம். ஜன்னல் கம்பிக்கு உள்ளே திட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதில் பாதியளவுக்கு ஏடு காய்ந்த காபி, விளிம்பில் எறும்பு. அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தார். எழுபது வயது இருக்கும் ஒரு அம்மாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். யாரென்று கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நாச்சிமுத்து, சர்வே ஆபீசில் இருந்ததாகவும் இந்த மனையை அளந்தது தான்தான் என்றும் சொன்னார்.

"இப்ப எதுக்குங்க மறுபடியும் அளக்கறீங்க? வளர்ந்திருச்சுங்களா?"

அந்த அம்மாள் பெயர் சம்பூரணம். தனியாக இருக்கிறார், மகள் பெங்களூரில். ஆளோடு பேசி நாளானதால் கேட்காததையும் சொன்னார். டம்ளர் அவருடைய வீட்டுக்காரருடையது. பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்தவர், போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போனாலும், போன ஆவணியிலிருந்து தினமும் நான்கு மணிக்குக் காபி அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று, பால்காரர் வருவதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பாதி டம்ளர்தான் வருமுங்க. இருக்கறப்பவும் அப்படித்தான். பேக்கரியில தூக்குல வாங்குவாரு, வர்ற வழியிலயே பாதியைக் குடிச்சுப்போடுவாரு. கேட்டா, தூக்கு ஓட்டைம்பாரு. அதனாலதான் அவருதான்னு எனக்குத் தெரிஞ்சுது."

நாச்சிமுத்துவின் வாய் வரை வந்தது. அதை அனுப்புவது நான் என்று சொல்ல மூன்று சொல் போதும். சொன்னால், எதிரில் ஒரு ஆள் இருப்பார். நாளைக்கு நான்கு மணிக்கு யார் குடிக்கிறார்கள் என்று தெரிந்து காபி சொல்லலாம். அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா இந்த மூணு நாளா வர்றது அவரு காபி இல்லீங்க. வாசமே இல்ல. அவரு காபின்னா டம்ளருக்கு முன்னாடி வாசம் வந்துரும். இது யாரோ அன்னியத்தார் அனுப்பறது. நமக்கெதுக்குங்க அது, அப்படியே வெச்சுட்டேன்."

வாசமே இல்ல. அந்தச் சொல்லை நாச்சிமுத்து ஏற்கனவே கேட்டிருக்கிறார். போன ஆடியில், தேர்முட்டி பேக்கரித் திட்டில் டம்ளரை வைத்துவிட்டு மயிலாத்தாள் சொன்னாள், ஏனுங்க, காபியில வாசமே இல்லீங்களே என்று. பால் தண்ணி, டிகாஷன் பழசு, சென்னியப்பனுக்குக் கை மாறிப்போச்சு என்று இவர் சொன்னார். மறுநாள் அவளை பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்குக் கூட்டிப்போனார். அதற்கு மறுநாள் சந்தைப்பேட்டைக்கு. நாலாவது நாள் புதுப்பாலத்துக்கு. வாசமுள்ள காபி எங்கே கிடைக்கும் என்று நாலு நாள் நாலு கடை ஏறி இறங்கினார்கள். ஐந்தாவது நாள் அவளால் படி ஏற முடியவில்லை. அந்த நாலு நாள்தான் தாமதம் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு மாதமாக அவர் அதே கடைகளைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.

சோப்பை மோந்து பார்க்கச் சொன்னார். சம்பூரணம் உள்ளே போய் வந்து, சோப்பும் கெட்டுப்போச்சுங்க என்றார். ஊதுவத்தி என்றார் இவர். அதுவும் இல்லை. அந்த நாலடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது. நாச்சிமுத்து கேட்டை விட்டு நகராமல் நூற்றெட்டுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை.

நீல உடுப்பால் முழுக்க மூடிக்கொண்ட இரண்டு பேர் வந்து, ஒரு மாற்றுச் சேலையும் போனும் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சம்பூரணம் வரமாட்டேன் என்றார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் அவர் வந்து தேடுவார், இத்தனை நாள் அனுப்பினவர் யாரிடம் கொடுப்பார் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நீல உடுப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டம்ளரை எடுத்துக்குங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. "அந்தக் காபியை ஊத்திப்போட்டு, டம்ளரைக் கழுவி எடுத்துக்குங்க. டம்ளர் எங்க இருக்குதோ அங்க வந்துரும். அனுப்பறவரு மாறலீங்க. உங்களுக்குத்தான் வாசம் தெரியல."

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

"எங்க வூட்டுலயும் இப்படித்தானுங்க."

சம்பூரணம் முந்தானையை விலக்கி அவரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

"உங்களுக்கும் வருதுங்களா?"

"வருதுங்க. எனக்கும் பாதிதான்."

அந்த அம்மாள் சிரித்தார், இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது. டம்ளரைக் கழுவிச் சேலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார். பாத்திரம் பண்டமெல்லாம் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு நீல உடுப்புக்காரர் சொன்னதற்கு, மருந்து குடிக்க ஒரு டம்ளர் வேண்டாமா என்று நாச்சிமுத்து கேட்டார். டம்ளரை வாங்கி, உள்ளும் புறமும் சானிடைசரால் நனைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். போன் போட்டவர் என்ன உறவு என்று படிவத்தில் எழுதக் கேட்டபோது, நாச்சிமுத்து விழித்துக்கொண்டு நிற்க, வண்டிக்குள்ளிருந்து சம்பூரணம், சர்வே ஆபீசுங்க என்று சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் நான்கு மணிக்கு நாச்சிமுத்து ஆஸ்பத்திரிக்கு எதிரிலிருந்த பேக்கரிக்குப் போனார்.

ஊரிலேயே கட்டுக்காவல் அதிகமான பேக்கரி அதுதான். ஸ்டூல்களையெல்லாம் கவிழ்த்துச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். கடை முகப்பு முழுக்கக் கண்ணாடி அடைத்து, ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். வாங்கியவர் உடனே நகரவும் என்று எழுதியிருந்தது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி டம்ளரை ஓட்டை வழியாக நீட்டி, ஒன் பை டூ என்றார். உள்ளே இருந்த மாஸ்டர், இன்னொருத்தர் எங்கே என்று எட்டிப் பார்த்தார். எதிரில் என்றார் நாச்சிமுத்து. எதிரில் ஆஸ்பத்திரிதான் இருந்தது. அந்தக் கடையில் அப்படிச் சொல்கிறவர்கள் நிறையப் பேராக இருக்க வேண்டும். மாஸ்டர் மேற்கொண்டு கேட்காமல் காபியை ஊற்றினார்.

டம்ளரோடு சாலையோரப் புங்கை மரத்தடியில் நின்றார். ஆவி சாலையைக் கடந்து, ஆம்புலன்ஸ்களுக்கு மேலாக, காவலாளிக்கு மேலாக, இரண்டாவது மாடியைப் பார்த்துச் சாய்ந்து போனது. ஏழு மாதமாக எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் எந்தத் திசைக்கு அது சாய வேண்டுமென்று அவர் வேண்டிக்கொண்டாரோ, அந்தத் திசைக்கு. தூக்கோடு போன சென்னியப்பனை நிறுத்திய அதே வாசல் வழியாக அது போனது, யாரும் நிறுத்தவில்லை.

ஆனால் டம்ளர் இறங்கவில்லை. விளிம்பு வரை அப்படியே நின்று ஆறியது. தன் பாதியையும் குடிக்க மனமில்லாமல் மரத்தடியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார். இரண்டாவது நாளும் இறங்கவில்லை. மூன்றாவது நாள், நான்காவது நாள். பேக்கரியில் காபி வாங்கிக்கொண்டு அந்த மரத்தடியில் நின்று மாடியைப் பார்க்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் எப்போதும் இருந்தார்கள்; ஆறடி விட்டு ஆறடி. உள்ளே யாருங்க என்று ஒருவர் கேட்டார். வேண்டியவங்க என்றார் நாச்சிமுத்து. எனக்கும் வேண்டியவங்கதான் என்று அவர் சொன்னார். ஏழு மாதத்தில் கையில் டம்ளரோடு நின்ற நாச்சிமுத்துவிடம் ஒருவர் பேச்சுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஏழாவது நாள் ஆவி எந்தப் பக்கமும் சாயாமல் நேராக மேலே போனது. எல்லா டம்ளரின் ஆவியும் போவதுபோல. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். வாசலுக்குப் போய்க் கேட்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தார். என்ன உறவு என்று கேட்பார்கள் என்பது நினைவு வந்து நின்றுவிட்டார். வீட்டுக்குப் போய், மயிலாத்தாள் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து, இவங்களுக்கும் நான் தாமதமா என்று கேட்டார். அவள் எப்போதும்போல அவர் ஊதி ஊதிக் குடிப்பதை வேடிக்கை பார்க்கிற முகத்தோடு இருந்தாள்.

எட்டாவது நாள் போகவேண்டாம் என்றுதான் இருந்தார். நான்கு மணிக்குக் கால் போனது. ஓட்டை வழியாக டம்ளரை நீட்டியபோது வாய் சொன்னது. மரத்தடியில் வந்து நின்றார். ஆவி நேராக எழுந்தது, தயங்கியது, பிறகு மெல்லச் சாய்ந்தது; பழைய ஜன்னலுக்கு இல்லை, அதற்கு நாலு ஜன்னல் தள்ளி, குணமாகிறவர்களைக் கொண்டுவந்து போடும் கடைசி அறையைப் பார்த்து. காபி ஒரு நகத்தளவு இறங்கியது. நின்றது. ரொம்ப நேரம் நின்றது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை மூக்குக்கு அருகே வைத்து மோந்து பார்ப்பதுபோல. அப்புறம் ஒரு வாய். யோசனை. அரை வாய்.

மூன்று மடக்கு இல்லை. மயிலாத்தாள் இல்லை. இனி எந்தக் கடையிலும் அது மயிலாத்தாளாக இருக்கப் போவதில்லை.

"மெதுவாவே குடிங்க," என்றார் நாச்சிமுத்து, மாடியைப் பார்த்து. "அவசரமில்ல."

பாதிக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்து நின்ற பிறகு அவர் முகக்கவசத்தை இறக்கி, டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். காபி ஆறிப்போயிருந்தது. வாசம் இருந்தது.